ஏஎம்டி வண்டி டவுனுக்கு சரிப்படுமா? ஓட்டுனவங்க மட்டும் சொல்லுங்க

8 ஜனவரி 2023 – கேள்வி

ஏஎம்டி-ங்கறது ஆட்டோமேட்டிக்கே இல்ல, மேனுவல் கியர்பாக்ஸ்ல ஒரு மோட்டார மாட்டி 50 ஆயிரம் சேத்து வாங்கறாங்க, சுத்த ஏமாத்து வேலைன்னு ஃப்ரெண்டு ஒருத்தன் சொல்றான். டெஸ்ட் டிரைவ்ல எனக்கும் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. கோயமுத்தூர் டவுனுக்குள்ளதான் ஓட்டம், மிஸஸும் ஓட்டணும். எடுக்கலாமா, இல்ல இன்னும் ஒண்ணரை லட்சம் பொரட்டி சிவிடி-யே (கியர் மாறறதே தெரியாத ஆட்டோமேட்டிக்) போயிரலாமா?

8 ஜனவரி 2023, ராத்திரி

உங்க ஃப்ரெண்டு சொன்னதுல முதல் பாதி சரி. உள்ள இருக்கறது அதே மேனுவல் கியர்பாக்ஸ்தான், அதே ஒத்தக் கிளட்ச் பிளேட்டுதான், பெடல் மட்டும் கிடையாது. கிளட்ச மிதிக்கறதுக்கும் கியர தள்ளறதுக்கும் ஆயில் பிரஷர்ல வேல செய்யற ஆக்சுவேட்டர் ஒண்ணு, எப்ப மிதிக்கணும் எப்ப விடணும்னு அதுக்கு சொல்ல ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனா இத யாரும் மறைச்சு விக்கல. ஏஎம்டி-ன்னா ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன், பேர்லயே மேனுவல்னு போட்டுத்தான் விக்கறாங்க, நாமதான் விரிச்சுப் படிக்கறதில்ல.

என் வண்டி 2019 ஜூன்ல எடுத்தது, 1 லிட்டர், 3 சிலிண்டர், 5 கியர். கம்பெனி பேர் சொல்ல மாட்டேன், சொன்னா பேச்சு அந்தப் பக்கம் போயிரும். இன்னைக்கு 43 ஆயிரம் கிமீ. சிங்காநல்லூர்ல வீடு, லட்சுமி மில்ஸ் பக்கம் ஆபீஸ், நடுவுல அவினாசி ரோடு, அங்க மேம்பால வேல ஓடிட்டிருக்கு, மிச்சத்த உள்ளூர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பழைய மேனுவல் வண்டில அந்த ரோட்டுல ஒரு வருஷம் ஓட்டி இடது முட்டி வீங்கி டாக்டர்கிட்ட போனதுக்கு அப்புறம்தான் இத எடுத்தேன். முட்டி இப்ப நல்லாருக்கு.

எடுத்த புதுசுல ஒரு கூத்து. டிரைவர் கதவ தொறந்தாலே உள்ள எங்கயோ ஊய்ங்னு ஒரு சத்தம், நாலு செகண்ட் ஓடி நின்னுரும். வண்டிக்குள்ள எலி கிலி புகுந்துருச்சோன்னு சீட்டெல்லாம் தூக்கிப் பாத்தோம். அது கியர்பாக்ஸோட பம்ப், நாம ஏறி உக்கார்றதுக்குள்ள பிரஷர் ஏத்தி வெச்சுக்குது. இப்ப அந்த சத்தம் கேக்கலைன்னாதான் பயமா இருக்கும்.

நாளைக்கு அந்தத் தூக்கிப் போடறத பத்தி எழுதறேன், தூக்கம் வருது.

9 ஜனவரி 2023

தூக்கிப் போடறது. மேனுவல்ல கியர் மாத்தும்போது நாம என்ன பண்றோம், கிளட்ச மிதிக்கறதோட ஆக்ஸிலேட்டர்ல இருந்து வலது காலயும் எடுத்துடறோம், ரெண்டும் ஒண்ணா நடக்குது, அதனால தெரியறதில்ல. ஏஎம்டி-ல அது பாட்டுக்கு கிளட்ச மிதிக்குது, நம்ம வலது கால் பாட்டுக்கு அமுக்கிட்டே இருக்கு, நடுவுல இழுவை அறுந்து வண்டி ஒரு நொடி தொங்குது, உள்ள இருக்கறவங்க எல்லாரும் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி முன்னாடி ஒருக்கா பின்னாடி ஒருக்கா. ஒண்ணுல இருந்து ரெண்டு, ரெண்டுல இருந்து மூணு, இது ரெண்டுலதான் ஜாஸ்தி, மேல போனா தெரியாது.

நாலு மாசம் இப்படியே ஓட்டிட்டு கம்பெனிய திட்டிட்டிருந்தேன். தீர்வு சொன்னது எங்கப்பா. அவரு கவர்ன்மென்ட் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவரு, பொள்ளாச்சி – வால்பாறை ரூட்ல பல வருஷம். இந்த வண்டி வந்தப்ப "பெடல் இல்லாத வண்டிய நான் வண்டின்னே ஒத்துக்க மாட்டேன்"னுட்டு பக்கத்து சீட்டுல மூஞ்ச தூக்கி வெச்சுட்டு உக்காந்து வருவாரு. ஒரு நாள் ராமநாதபுரம் சிக்னல் தாண்டி ரெண்டு தலையாட்டு வாங்குனதும், "டேய், அவன் கிளட்ச மிதிக்கறப்ப நீ எதுக்குடா மிதிக்கற? அவன் கியர் போடற சத்தம் கேக்குதில்ல? அதுக்கு ஒரு நொடி முன்னாடி கால லேசா தூக்கு"ன்னாரு. தூக்குனேன். வெண்ணையாட்ட விழுந்துச்சு. அதுல இருந்து எஞ்சின் சத்தம் ஒரு அளவுக்கு ஏறுனதும் கால் தானா தளருது, எப்பன்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியாது.

டெஸ்ட் டிரைவ்ல உங்களுக்கு தூக்கிப் போட்டது அதனாலதான். ஷோரூம் பையன் யாரும் இத சொல்ல மாட்டான், பாதிப் பேருக்கு தெரியவும் தெரியாது.

9 ஜனவரி 2023, மதியம்

ஒருத்தர் பார்க்கிங்குக்கு 'பி' இருக்கான்னு கேட்டுருக்கார். கிடையாதுங்க. கியர்ல போட்டு, பிரேக்க மிதிச்சபடியே எஞ்சின ஆஃப் பண்ணி, ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு எறங்கணும், மேனுவல் மாதிரியேதான். நியூட்ரல்ல விட்டுட்டு ஹேண்ட் பிரேக்கும் மறந்துட்டுப் போனா வண்டி உங்களுக்கு முன்னாடி வீடு போய் சேந்துரும்.

11 ஜனவரி 2023

க்ரீப் பத்தி. பிரேக்ல இருந்து கால எடுத்தா வண்டி தானா மெதுவா நகரும், அதுதான் க்ரீப். எல்லா ஏஎம்டி-லயும் இது ஆரம்பத்துல இல்ல. 2015ல டாடா நானோ ஏஎம்டி வந்தப்ப அதுல இருந்துச்சு, 2016 கடைசில ரெனோ க்விட் ஏஎம்டி வந்தப்ப இல்ல, அப்புறமாத்தான் சேத்தாங்க. பழைய வண்டி பாக்கறவங்க இத மொதல்ல பாருங்க, க்ரீப் இல்லாம நவஇந்தியா சிக்னல்ல நிக்கறது பாவம்.

ஆனா க்ரீப் இருக்குதேன்னு ஒவ்வொரு அடியா ஊர்ந்துட்டே போகாதீங்க. அந்த ஊர்ற நேரம் பூரா வண்டி ஹாஃப் கிளட்ச்லதான் போகுது, கிளட்ச் பிளேட் ஃப்ளைவீல்ல, அதாவது எஞ்சினோட சுத்தற சக்கரத்துல, ஒரசிட்டே இருக்கு. முன்னாடி ஒரு வண்டி நீளத்துக்கு எடம் விட்டு, தொறந்ததும் ஒரேயடியா போய் நின்னுக்கங்க. நடுவுல ஒரு ஆட்டோ மூக்க நுழைப்பான், நுழைக்கட்டும், அவனோட கியர்பாக்ஸ் செலவ நாம குடுக்கப் போறதில்ல.

அதே மாதிரி சிக்னல்ல 'டி'-யில (டிரைவ், முன்னாடி போறதுக்கு) போட்டு பிரேக்க மிதிச்சுட்டு நின்னாலும் ஹாஃப் கிளட்ச்தான், பிளேட் தேயும், நியூட்ரல் போட்டுருங்க.

(இந்தக் கடைசி வரி தப்பு. கீழ பிப்ரவரில எழுதிருக்கறத பாருங்க.)

17 ஜனவரி 2023

பொங்கல் லீவு முடிஞ்சுது. மருதமலை கதைய சொல்லிடறேன், இது என் தப்பு, வண்டி மேல பழி போட மாட்டேன்.

வண்டி எடுத்த ரெண்டாவது மாசம், சாதாரண வியாழக்கிழமை, கூட்டம் இருக்காதுன்னு மலப்பாதையில கார்லயே ஏறிட்டோம். மேல பார்க்கிங் பக்கத்துல ஒரு வேன் ரிவர்ஸ் எடுத்துட்டு அடைச்சுக்கிச்சு, எனக்குப் பின்னாடி நாலு வண்டி. நான் என்ன பண்ணேன்னா பிரேக்கும் போடாம ஆக்ஸிலேட்டர லேசா அமுக்கியே வண்டிய ஏத்தத்துல நிறுத்தி வெச்சேன், பழைய வண்டில ஹாஃப் கிளட்ச்ல நிறுத்தற பழக்கம், அதுல ஒரு பெருமை வேற. ஒரு நிமிஷம் இருக்கும். மொதல்ல பீப் பீப்னு கத்துச்சு, சீட் பெல்ட்டுன்னு நெனச்சு எல்லாரையும் பெல்ட்ட பாக்கச் சொன்னேன். அடுத்து ஒரு கருகல் வாடை. பின் சீட்டுல எங்கம்மா "யாரோ கற்பூரம் ஜாஸ்தியா ஏத்திட்டாங்க போல"ங்கறாங்க. கற்பூரமெல்லாம் இல்ல, எரிஞ்சது என் கிளட்ச்.

ஏத்தத்துல வண்டிய நிறுத்தறது பிரேக்கோட வேல. கெளம்பறப்ப ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டு, ஆக்ஸிலேட்டர் குடுத்து, வண்டி பின்பக்கம் கொஞ்சம் குனிஞ்சு இழுக்கறது தெரிஞ்சதும் ஹேண்ட் பிரேக்க விடுங்க. புது வண்டி சிலதுல ஏத்தத்துல பின்னாடி உருளாம பிடிச்சுக்கற ஹில் ஹோல்டு வருது, என்னுதுல இல்ல. இன்னொண்ணு, டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்ல (கிளட்ச் பிளேட்டுக்கு பதிலா ஆயில் வழியா இழுக்கறது) பண்ற மாதிரி இடது கால்ல பிரேக், வலது கால்ல ஆக்ஸிலேட்டர்னு ரெண்டையும் சேத்து மிதிக்கற வித்தை இங்க செல்லாது. பிரேக்க மிதிச்சாலே கிளட்ச விட்டுரும், எஞ்சின் சும்மா கத்தும்.

வீட்டு வாசல்ல சாக்கடை மேல ஸ்லாப் போட்டு ஏத்தமா இருக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ரிவர்ஸ்ல மெதுவா குடுத்தா ஏறாது, கொஞ்சம் கூட குடுத்தா ஏறி உள்ள இருக்கற துளசி மாடத்த முட்டிரும். எங்க வீட்டு மாடத்துல ஒரு மூலை இன்னும் இல்ல.

19 பிப்ரவரி 2023

தப்ப திருத்திக்கறேன். சிக்னல்ல பிரேக் மிதிச்சு 'டி'-யில நின்னா பிளேட் தேயும்னு சொன்னேனே, அது தேயாது. சர்வீஸுக்கு விட்டப்ப உக்கடத்துல எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் விளக்குனாரு. பிரேக்க நல்லா மிதிச்சு நின்னா கிளட்ச் முழுசா விடுபட்டுதான் இருக்கு, ஒரசறதில்ல. ஒரசறது ஊர்றப்ப மட்டும்தான். ஆனா நிக்கற நேரம் பூரா கிளட்ச விடுவிக்கற ரிலீஸ் பேரிங்க அமுக்கிப் பிடிச்சுட்டே இருக்கணும், அதுக்கு அது ஒரு வேல. "சின்ன சிக்னல்னா விட்டுருங்க, லட்சுமி மில்ஸ் மாதிரி டீ குடிச்சுட்டு வர்ற சிக்னல்னா நியூட்ரல் போடுங்க, நடுவுல நீங்க நியூட்ரல் போட்டுப் போட்டு எடுத்தாலும் அதுக்கு வேலதான"ன்னாரு.

நான் அரைகுறையா தெரிஞ்சத அடிச்சுப் பேசிட்டேன். மேல அழிக்கல, கெடக்கட்டும்.

2 மார்ச் 2023

மிஸஸ் ஓட்டணும்னு கேட்டுருந்தீங்க, அதுக்கு நான் பதிலே சொல்லல. எங்க வீட்டுல லைசென்ஸ் எடுத்தது 2012ல, எடுத்த மறுநாள்ல இருந்து அது பீரோவுலதான் இருந்துச்சு. ஸ்கூட்டி நல்லா ஓட்டுவா. கார்ல ஏத்தத்துல ஒருக்கா ஆஃப் ஆகி பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சதோட சரி.

ஏஎம்டி-ல ஆஃப் ஆகற பயம் போயிருச்சு, அதுதான் பெரிய விஷயம், மைலேஜ் கியிலேஜ் எல்லாம் அப்புறம். ஆனா ரெண்டு சிக்கல் வந்துச்சு. ஸ்கூட்டில ரெண்டு கையிலயும் பிரேக் பிடிச்ச பழக்கத்துக்கு இங்க ரெண்டு காலும் பிரேக்குக்கு ஓடுச்சு. "இடது கால சீட்டுக்கு அடியில மடக்கி வை"ன்னு சொன்னேன், ஒரு வாரம் சம்மணம் போட்ட மாதிரியே ஓட்டுனா. இதுல நான் சிரிக்கறதுக்கு எடமில்ல, எடுத்த மொத நாள் நானே கிளட்ச்னு நெனச்சு இடது கால்ல பிரேக்க ஓங்கி மிதிச்சு, மாவு தூக்கு கவுந்து டேஷ்போர்டு வரைக்கும் இட்லி மாவு.

ரெண்டாவது, க்ரீப்ப நம்பி காலை எடுத்துட்டு, முன்னாடி ஆள் வந்ததும் பதட்டத்துல ஆக்ஸிலேட்டர மிதிச்சுடறது. அதுக்கு வழி, வலது குதிகால் பிரேக்குக்கு நேரா ஊனியே இருக்கணும், ஆக்ஸிலேட்டருக்கு பாதத்த திருப்பணும், தூக்கி வெக்கக் கூடாது. காலியா இருக்கற கிரவுண்டுல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் இத மட்டும் பண்ணுங்க.

இப்ப அவ ஓட்டறப்ப தலையாட்டே இல்ல. எப்படின்னு கேட்டா அப்படி ஒண்ணு இருக்கறதே அவளுக்குத் தெரியாது. அவசரமில்லாம மிதிக்கறா, அவ்வளவுதான். நான் தலகீழா நின்னு கத்துக்கிட்டது.

28 ஆகஸ்ட் 2023

யாராவது இருக்கீங்களா இங்க. இன்னைக்குப் பட்ட பாட்ட எழுதியே ஆகணும்.

ஒரு ஆஸ்பத்திரி பேஸ்மென்ட்ல பார்க் பண்ணி மூணு மணி நேரம் கழிச்சு வந்தா செல்ஃப் எடுக்கல. டொக் டொக்னு சத்தம், டிஸ்ப்ளேல கியர் எண் மினுக்குது. பேட்டரி காலி, நாலு வருஷம் ஆச்சு, என் அசால்ட்டுதான். பின்னாடி ஒரு வண்டிய மறிச்சு நிறுத்திருந்தேன். செக்யூரிட்டி அண்ணன் "நியூட்ரல் போடுங்க சார், தள்ளிரலாம்"னு ரெண்டு பேர கூட்டிட்டு வந்துட்டாரு. லீவர நியூட்ரலுக்கு தள்ளுனேன், வண்டி அசையல, மூணு பேர் தள்ளறாங்க, சுவத்த தள்ற மாதிரி இருக்கு.

ஏன்னா அந்த லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல கம்பியே கிடையாது. லீவர் ஒரு சுவிட்ச், காலிங் பெல் மாதிரி. கரண்ட் இல்லாம அத எங்க தள்ளுனாலும் உள்ள கியர் விழுந்தது விழுந்தபடியே இருக்கும். கிளட்சும் பிரஷர் இல்லாதப்ப ஸ்பிரிங்ல தானா ஒட்டிக்கும். அதனாலதான் கியர்ல போட்டு பார்க் பண்ணா வண்டி நகராம நிக்குது, இன்னைக்கு அதே விஷயம் எனக்கு எதிரா வேல செஞ்சுது. தள்ளி ஸ்டார்ட் பண்றதெல்லாம் பேச்சுக்கே எடமில்ல, கிளட்ச நாமளா விட முடியாதே.

பின்னாடி வண்டிக்காரர்கிட்டயே ஜம்பர் கேபிள் இருந்துச்சு, அவரு திட்டிட்டே குடுத்தாரு. பேட்டரில கரண்ட் வந்ததும் பம்ப் ஊய்ங்னுச்சு, பிரேக் மிதிச்சு நியூட்ரல் போட்டேன், விழுந்துச்சு, அந்த சத்தம் நாதஸ்வரம் மாதிரி கேட்டுச்சு.

ஏஎம்டி வெச்சுருக்கறவங்க பேட்டரிய மூணு வருஷத்துக்கு மேல நம்பாதீங்க, டிக்கில ஒரு கேபிள் போட்டு வைங்க. லெவலான எடத்துல, யாரையாவது மறிச்சுத்தான் நிறுத்தணும்னா நியூட்ரல்ல விட்டு, டயருக்கு கல்லு வெச்சுட்டு, நம்பர எழுதி கண்ணாடில வெச்சுட்டுப் போங்க.

30 ஆகஸ்ட் 2023

மேல பேட்டரி கதைய படிச்சுட்டு "ஃபெராரிலயும் இதேதான் பிரச்சன"ன்னு ஒருத்தர் எழுதிருக்கார், கிண்டல் இல்ல, நெசம்தான். ரேஸ் வண்டில கிளட்ச மிதிக்காம ஸ்டீயரிங் பின்னாடி இருக்கற துடுப்ப தட்டி கியர் மாத்தறத 1989ல ஃபெராரி கொண்டு வந்துச்சு, அந்த வருஷம் மொத ரேஸ் பிரேசில்ல, அவங்க டிரைவர் நைஜல் மேன்செல் அதுல ஜெயிச்சாரு. ஆனா அதுக்கப்புறம் அந்த வண்டி ஜெயிச்சதவிட பாதி வழில நின்னதுதான் ஜாஸ்தி. கியர்பாக்ஸ் சரியில்லைன்னு எல்லாரும் நெனச்சாங்க, தோண்டிப் பாத்தா ஆல்டர்னேட்டர் பக்கம் தகராறு, கியர்பாக்ஸுக்கு கரண்ட் போய் சேரல. என் பேஸ்மென்ட்ல நடந்ததுக்கு பெரியப்பா முறை.

1997ல ரோட்டுல ஓடற ஃபெராரிக்கு அது வந்துச்சு. 1998ல ஐரோப்பால ரெண்டு சீட்டு ஸ்மார்ட் கார், அடுத்த வருஷம் ஃபோக்ஸ்வேகன் லூப்போ 3எல், சிக்கனத்துக்காக அதுலயும் இதே ஐடியா. நம்மூருக்கு வந்தது 2014 பிப்ரவரி, டெல்லி ஆட்டோ எக்ஸ்போல மாருதி செலேரியோ, உள்ள இருந்தது இத்தாலிக்கார மாக்னெட்டி மரெல்லியோட சாமான், ஃபெராரிக்கு குடுத்த அதே கம்பெனி. மேனுவலுக்கும் ஏஎம்டி-க்கும் ஒரே மைலேஜ், 23.1னு போட்டாங்க. அதுதான் நம்ம ஆளுங்கள கவுத்துச்சு, அதுவரைக்கும் ஆட்டோமேட்டிக்னா பெட்ரோல் குடிக்கும்னு பயந்து யாரும் பக்கத்துல போனதில்ல.

என் வண்டி டவுனுக்குள்ள 14, 15 குடுக்குது. அவினாசி ரோட்டுல மட்டும் ஓட்டுனா 12. 23-லாம் ஆளில்லாத ஊர்ல.

6 மார்ச் 2024

போன வாரம் வண்டி நியூட்ரல்ல இருந்து வேற கியருக்கே போகல. எஞ்சின் ஓடுது, லீவர 'டி'-க்கு தள்ளுனா மினுக்கிட்டு மறுபடியும் நியூட்ரல். ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்கு டோ பண்ணிட்டுப் போனேன், பேர் வேணாம். ஸ்கேனர் போட்டுட்டு "ஆக்சுவேட்டர் அசெம்பிளி மாத்தணும் சார், 60 ஆயிரம் வரும்"னாங்க. எனக்கு தல சுத்துச்சு.

எங்கப்பா கூட வந்திருந்தாரு. அவரு ஸ்கேனரெல்லாம் பாக்கல, வண்டிக்குப் பின்னாடி போய் நின்னு "பிரேக்க மிதி"ன்னாரு. மிதிச்சேன். "லைட்டு எரியலையேடா"ன்னாரு.

பிரேக் பெடல் மேல இருக்கற சின்ன சுவிட்ச் போயிருக்கு. நாம பிரேக்க மிதிச்சாத்தான் கியர் விழும், அத கம்ப்யூட்டருக்கு சொல்றது அந்த சுவிட்ச்தான். நான் மிதிக்கறேன், அது நம்பல. உக்கடம் அண்ணன்கிட்ட கொண்டு வந்து மாத்துனோம், சுவிட்ச் 280 ரூவா, அவரு கூலி 200.

அப்பா அன்னைக்கு வீடு வர்ற வரைக்கும் ஒண்ணும் பேசல. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் எங்க வீட்டுக்காரிகிட்ட "அம்மிணி, உம்பட வீட்டுக்காரன் 60 ஆயிரம் எனக்குத் தரோணும்"னாரு.

15 மார்ச் 2024

மேல எழுதுனத படிச்சுட்டு எல்லாத்துக்கும் சுவிட்ச்தான் காரணம்னு நெனச்சுக்காதீங்க, ரெண்டு பேர் அப்படி மெசேஜ் பண்ணிருக்காங்க. ஆக்சுவேட்டர் நெசமாவே போறதும் உண்டு. ஆனா அதுக்கு முன்னாடி பாக்கறதுக்கு விலை கம்மியான மூணு விஷயம் இருக்கு, பேட்டரி, பிரேக் சுவிட்ச், அந்த ஆக்சுவேட்டருக்குன்னு தனியா இருக்கற ஆயில் டப்பால லெவல். கியர்பாக்ஸ் ஆயில் வேற, இது வேற. இந்த ஆயில சர்வீஸ்ல யாரும் தொறந்து பாக்கறதில்ல, நீங்களா கேளுங்க. சான்ட்ரோ மாதிரி ஆயில் இல்லாம நேரா மோட்டாரே தள்ற டைப்புக்கு இது பொருந்தாது.

21 செப்டம்பர் 2024

61,400 கிமீ-ல கிளட்ச் போயிருச்சு. மருதமலை கற்பூரத்துக்கு பலன் இத்தன நாள் கழிச்சு கெடைச்சுருக்கு.

அறிகுறி எப்படின்னா, உக்கடம் புதுப் பாலம் தொறந்தாங்கல்ல ஆகஸ்ட்ல, அதுல ஏர்றப்ப மூணாவது கியர்ல எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுது, வண்டி வேகம் ஏறல. வழுக்குது. அப்புறம் காலைல மொத நகர்வுல ஒரு நடுக்கம், குளிர்ல ஆடு நடுங்கற மாதிரி. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூணும் சேத்து லேபரோட 13,800. மேனுவலா இருந்தா கொஞ்சம் கம்மி. மாத்துனதுக்கு அப்புறம் ஸ்கேனர் போட்டு புது பிளேட் எந்த எடத்துல கடிக்குதுன்னு கம்ப்யூட்டருக்கு சொல்லிக் குடுக்கணும், லேர்னிங் போடறதும்பாங்க. அது போடாம ஓட்டுனா தலையாட்டு பயங்கரமா இருக்கும். தெரு மெக்கானிக்ட்ட மாத்தறவங்க அந்த ஸ்கேனர் இருக்கான்னு கேட்டுட்டு வண்டிய குடுங்க.

61 ஆயிரம் கம்மியா ஜாஸ்தியான்னு கேக்கறவங்களுக்கு: எங்க சித்தப்பா மகன் அதே மாடல் 90 தாண்டி ஓட்டறான், அவன் தாராபுரம் ரோட்டுல நெடும்பாட்டா போறவன். என்னுது ஊர்ந்தே செத்துச்சு.

5 ஜனவரி 2025

வால்பாறை போய்ட்டு வந்தோம். ஓட்டுனது அப்பா. அஞ்சு வருஷம் கழிச்சு, புது கிளட்ச் போட்டதும் "இப்பக் குடு, எப்படித்தான் இருக்குதுன்னு பாக்கறேன்"னு சாவிய வாங்குனாரு.

ஆழியார் செக்போஸ்ட் வரைக்கும் 'டி'-யில வந்தாரு. இடது கால் சும்மா இருக்க முடியாம ஓரத்துல தட்டிட்டே இருந்துச்சு, பஸ்ல ஒரு கியருக்கு ரெண்டு தடவ கிளட்ச் மிதிச்ச காலு, காத்துல மிதிச்சுட்டு வருது. மொத ரெண்டு ஹேர்பின்ல வண்டி ரொம்பத் தடுமாறுச்சு. வளைவுக்கு முன்னாடி கால எடுத்தா அது மூணுக்கு போயிருது, வளைஞ்சு ஏறணும்னு மிதிச்சா ரெண்டா ஒண்ணான்னு யோசிக்குது, அந்த யோசிக்கற நேரத்துல வண்டி வளைவு நடுவுல செத்து நிக்குது. அப்பா ஓரங்கட்டிட்டு சொன்னாரு, "இவன் கண்ணில்லாம ஓட்டறான்டா. வளைவு வருதுன்னு இவனுக்கு யாரு சொல்றது? பஸ் வர்றது தெரியுமா, ஏத்தம் தெரியுமா, இவனுக்கு தெரிஞ்சதெல்லாம் உன்ற காலு ஒண்ணுதான்."

மேனுவல் மோடு பத்தி சொன்னேன். லீவர பக்கவாட்டுல தள்ளி முன்ன பின்ன தட்டறது. அதுக்கப்புறம் 40 வளைவுல மிச்சம் 38-ம் அவரு கையில. வளைவுக்கு முன்னாடியே ரெண்டுல போட்டு, தேவைப்பட்ட எடத்துல ஒண்ணு, நேர் வந்ததும் மூணு. ஒன்பதாவது வளைவு வியூ பாயிண்ட்ல நிறுத்தி டேம பாத்துட்டு, சொவரு மேல நின்ன வரையாட்ட ஃபோட்டோ எடுத்துட்டு, மறுபடி ஏறி. ஒரு தலையாட்டு இல்ல. எறங்கறப்பவும் அதே, "ஏறுன கியர்லயே எறங்கணும்"னு ரெண்டுலயே பிடிச்சுட்டு வந்தாரு. 'டி'-யில எறங்குனீங்கன்னா கால எடுக்க எடுக்க அது மேல் கியருக்கு போயிட்டே இருக்கும், அப்புறம் பிரேக்லயே நின்னு நின்னு பிரேக் காஞ்சுரும். இது மலையேறி எறங்கற எல்லாருக்கும்.

நானும் இத்தன வருஷமா ஓவர்டேக்குக்கு மட்டும்தான் மேனுவல் மோடு வெச்சிருந்தேன். பல்லடம் ரோட்டுல லாரிய தாண்டறப்ப 'டி'-யில மிதிச்சா அது கீழ் கியருக்கு போலாமா வேணாமான்னு மூச்சு வாங்கும், எதிர்ல பஸ் வந்துரும், அதனால மொதல்ல ஒரு தட்டு தட்டி கீழ் கியர்ல போட்டுட்டுத்தான் வெளிய எட்டிப் பாப்பேன். மலைக்கு அது தோணல பாருங்க.

வீடு வந்ததும் வண்டி எப்படிப்பா இருந்துச்சுன்னேன். "காலு மரத்துப் போச்சு"ன்னாரு. எந்தக் காலுன்னு கேக்கல.

2 நவம்பர் 2025

அவினாசி ரோடு மேம்பாலம் போன மாசம் 9ந்தேதி தொறந்துட்டாங்க, ஜி.டி.நாயுடு பேரு, கோல்டுவின்ஸ்ல இருந்து உப்பிலிபாளையம் வரைக்கும் 10 கிலோமீட்டர். இந்த இழைல நான் பொலம்புனதுல பாதி அந்தப் பாலத்துக்குக் கீழ நடந்தது. போன வாரம் சும்மா ஒருக்கா கோல்டுவின்ஸ் போய் ஏறி எறங்குனோம். அஞ்சாவது கியர்ல விழுந்தது, எறங்கற வரைக்கும் மாறவே இல்ல. கியர்பாக்ஸ் இருக்கான்னே சந்தேகமா போச்சு. ஆபீஸுக்கு இன்னமும் கீழதான் போகணும், லட்சுமி மில்ஸ்ல எறங்கறவனுக்கு பாலத்தால பெருசா லாபம் இல்ல. கீழ கூட்டம் கொறைஞ்சிருக்கு, அத சொல்லணும்.

திரும்ப எடுப்பீங்களான்னு மூணு பேர் கேட்டாச்சு. எங்க வீட்டுல ரெண்டு மாசம் முன்னாடி ஒரு சிவிடி டெஸ்ட் டிரைவ் போனா. வழுவழுன்னு போச்சு, எனக்கு ஆச வந்துருச்சு. அவளுக்குப் பிடிக்கல. "ஜட்டி எலாஸ்டிக்க இழுத்துப் பிடிச்சுட்டு போற மாதிரி இருக்குங்க, எப்ப போகும் எப்ப நிக்கும்னு தெரியல"ங்கறா. நம்ம வண்டி கியர் மாத்தறப்ப ஒரு சின்ன சத்தம் வருமே, அது இல்லாம ஓட்ட மாட்டாளாம். சரின்னு வந்துட்டோம்.

இழைய ஆரம்பிச்சவரு நேத்து வந்திருக்காரு, ரெண்டே முக்கால் வருஷம் கழிச்சு. இதெல்லாம் படிச்சுட்டுக் கொழம்பி அப்பவே மேனுவலே எடுத்துட்டாராம். மிஸஸ் ஓட்டறாங்களான்னு கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.